லடாக் வரை பைக்... பையில் எத்தனை லென்ஸ்?

நெடும்பயணம் கிளம்ப ஆசை வருவதற்கு ஒரகடத்தைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. 2013 முதல் ராயல் என்ஃபீல்டு பைக்குகள் இங்கிருந்து வெளியே வருகின்றன. பக்கத்து வல்லம் வடகாலில் யமஹா ஆலை. ஸ்ரீபெரும்புதூரிலோ, உலகம் முழுக்கப் படமெடுக்கப்போகும் ஐபோன்கள் தயாராகின்றன. ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களின் பேச்சில் 'லடாக்' அடிக்கடி வருவதில் ஆச்சர்யமில்லை.

லீவு கிடைத்துவிட்டது, ரூட் போட்டாயிற்று. கடைசியில் கேமரா பையைத் திறக்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். எந்த லென்ஸை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது?

'எது எப்போது தேவைப்படுமோ, எல்லாமே இருக்கட்டும்' என்பதே பலரும் எடுக்கும் முடிவு. அங்கேதான் சிக்கல்.

எடை சொல்லும் கணக்கு

நிக்கானின் 200-500 எம்.எம் லென்ஸ் ஒன்றே 2.3 கிலோ. கேனானின் 70-200 எம்.எம், எஃப் 2.8 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. ஆனால், அதே கேனானின் 50 எம்.எம், எஃப் 1.8 லென்ஸ் வெறும் 160 கிராம்தான். பெரிய லென்ஸ் ஒன்றின் எடையில் இப்படி 14 சின்ன லென்ஸ்களை வைத்துவிடலாம்!

உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து லே வரை பைக்கில் போனால் 3,000 கிலோமீட்டருக்கு மேல், அத்தனை தூரமும் அந்தப் பை முதுகில்தான். இரண்டாம் நாளே தோள் வலித்து, பெரிய லென்ஸ் பெட்டிக்குள் போய்விடும். பிறகு சாலையோரம் ஒரு நல்ல காட்சி வந்தாலும், இறங்கி, கயிற்றை அவிழ்த்து, லென்ஸை மாற்றுவதற்குள் அது கடந்துபோயிருக்கும். கூட வருபவர்களின் பொறுமையும் தீர்ந்திருக்கும்.

உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள்

கடைக்காரரையோ நண்பரையோ கேட்பதற்கு முன், கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த 50 படங்களைத் தனியே எடுத்துவையுங்கள். ஒவ்வொன்றின் 'டீடெய்ல்ஸ்' பகுதியிலும் எத்தனை எம்.எம்-மில் எடுத்தது என்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டே வந்தால், ஒன்றிரண்டு எண்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். உங்கள் கண்ணுக்குப் பழக்கமான தூரம் அதுதான். முதலில் பையில் ஏற வேண்டியது அந்த லென்ஸ்.

ஒரே லென்ஸில் என்ன செய்ய முடியும் என்று சந்தேகம் வந்தால், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனை நினைத்துக்கொள்ளலாம். சிறிய லைகா கேமரா, பெரும்பாலும் 50 எம்.எம் லென்ஸ். அதோடுதான் உலகைச் சுற்றினார். 1948-ல் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களையும் படமெடுத்தவர் அவர். தூரத்திலிருப்பதை லென்ஸால் இழுக்காமல், தானே நடந்து கிட்டே போனார்.

மூன்று விதப் பயணம், மூன்று விதப் பை

*ஊரும் மனிதர்களும்:* 24-105 எம்.எம் போன்ற ஒரு ஜூம் லென்ஸ். கேமராவோடு வந்த 18-55 கூடப் போதும். அதோடு இருட்டில் கைகொடுக்கும் 35 அல்லது 50 எம்.எம் ஒன்று. சாதாரண டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களில் சென்சார் சிறியது. அதனால், அவற்றில் 50 எம்.எம் லென்ஸ் 75 முதல் 80 எம்.எம் போலத்தான் காட்டும். அறைக்குள் எடுக்க 35 வசதி.

*பறவைகளும் விலங்குகளும்:* இங்கே பெரிய லென்ஸின் எடையைச் சுமந்துதான் ஆக வேண்டும். அப்படியானால் மற்றவற்றை விட்டுவிடுங்கள். அகலக் காட்சிகளுக்கு போனே போதும்.

*போன் மட்டும்:* வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐபோனில் '1' என்பது சுமார் 24 முதல் 26 எம்.எம், '0.5' என்பது 13 எம்.எம். விரலால் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் படம் கலங்கும். இரண்டடி முன்னே நடப்பது மேல்.

ஒரு ஞாயிறு ஒத்திகை

முடிவு சரியா என்று பார்க்க இமயமலை வரை போக வேண்டாம். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், கைலாசநாதர் கோயிலின் சுற்றுப் பிராகாரத்தில் நில்லுங்கள். வரிசையாக 58 சிறு சன்னதிகள். பின்னால் நகர இடம் குறைவு. அகல லென்ஸ் உங்களுக்குத் தேவையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் இருக்கும். பெரிய லென்ஸைக் கையில் பிடித்து அரை நாள் நிற்க முடிகிறதா என்று அங்கே பார்த்துவிடலாம். அதே பையோடு, அதே பைக்கில் போக வேண்டும். அதுதான் ஒத்திகை. லென்ஸ் சொந்தமில்லை என்றால், வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இ.எம்.ஐ மிச்சமாகலாம்.

வழியில் கவனிக்க...

* போனை ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டுவது வழக்கம். ஆனால், சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு, கேமராவில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. போன் சட்டைப்பையில் இருக்கட்டும். லென்ஸ்களைத் துணியில் சுற்றி வையுங்கள்.
* புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாரில் ஒட்டும் தூசு எல்லாப் படத்திலும் புள்ளியாக வரும்.
* குளிரிலிருந்து சூடான அறைக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். லென்ஸில் நீர் பூக்கும். அரை மணி நேரமாவது மூடியே இருக்கட்டும்.
* விமானத்தில் போனால், உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் விட்டுப்போகும் லென்ஸையும் கவனியுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் மூடிய பீரோவுக்குள் மாதக்கணக்கில் கிடந்தால், கண்ணாடியில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டுவையுங்கள். படமெடுக்கப் பழகும் அறைத்தோழர் இருந்தால், அதுவரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது!