பளபளப்பை மட்டும் நம்பலாமா?

ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில் சிலர் தொழிற்சாலைகளில் கணினிக் கடைசல் இயந்திரங்களில் வேலை செய்கிறார்கள். வளையங்களை ஏற்றி இறக்குவது, அளந்து பார்ப்பது, தேய்ந்த வெட்டுத்தகட்டை மாற்றுவது எல்லாம் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் தகட்டை ஏன் குறித்த நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் விளக்கிச் சொல்வதில்லை. மொழி தெரியாதவருக்கு இன்னும் குறைவாகவே சொல்வார்கள். அந்த 'ஏன்' என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

பெயரிங் வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பெரிதும் பயன்படும் '100 சீ.ஆர். 6' என்ற உருக்கில் ஏறத்தாழ 1 வீதம் கரியும் 1.5 வீதம் குரோமியமும் உண்டு. சூடாக்கி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தினால் ரொக்வெல் அளவில் 60 வரை வரும். அரத்தால் ராவினால் அரம் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தனை கடினமான உருக்கை முன்னர் சாணைக்கல்லால் அரைத்தே முடித்தார்கள். 1957இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரொபேர்ட் வென்டோர்ஃப் 'கியூபிக் போரோன் நைட்ரைட்' என்ற பொருளைச் செயற்கையாக உருவாக்கினார். கடினத்தில் இது வைரத்துக்கு அடுத்தது. வைரத்தில் உள்ள கரி சூட்டில் இரும்போடு சேர்ந்து கரைந்துவிடும், இது தாக்குப்பிடிக்கும். இந்தத் தகடுகள் வந்த பின்னர் பல வேலைகளில் அரைக்காமல் கடைந்தே முடிக்க முடிகிறது. நேரம் மிச்சம். ஆனால் தகடு விலை கூடியது. ஆகவே 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தேய்மானம்

வெட்டு முனை இரண்டு இடங்களில் தேய்கிறது. உலோகச் சீவல் உரசிச் செல்லும் மேற்புறத்தில் குழி விழுகிறது. வளையத்தோடு உரசும் பக்கம் தட்டையாகிறது. இந்தத் தட்டையின் அகலத்தை நுணுக்குக்காட்டியால் அளப்பார்கள். பொதுவான சோதனைகளில் 0.3 மில்லிமீற்றர் வந்தால் முனையின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வார்கள். நுட்பமான முடிப்பு வேலையில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது வழக்கம்.

மேற்பரப்பு

புதிய முனையும் சிறு வரிகளை விட்டுத்தான் செல்லும். ஒரு சுற்றுக்கு முனை நகரும் தூரம் 0.1 மில்லிமீற்றர், முனையின் ஆரை 0.8 மில்லிமீற்றர் என்றால் வரியின் ஆழம் ஏறத்தாழ 1.6 மைக்ரோன். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகரும் தூரத்தை இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்காகும். அவசரத்துக்கு அதைக் கூட்டக்கூடாது என்பது இதனால்தான்.

தேய்ந்த முனை சில வேளை மேற்பரப்பைக் கீறிவிடும். அது கண்ணுக்குத் தெரியும். சில வேளை வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். அப்போது வளையம் முன்னையிலும் பளபளக்கலாம். கருவியில் அளந்தாலும் நல்ல எண்ணே வரலாம்.

ஆனால் அந்த உரசலில் மேற்தோல் மிகவும் சூடேறி, உடனே குளிர்கிறது. உருக்கின் உள்ளமைப்பு மாறி, சில மைக்ரோன் தடிப்பில் நொருங்கக்கூடிய படலம் ஒன்று உண்டாகிறது. வளையத்தை வெட்டி, மெருகிட்டு, நைத்திரிக் அமிலம் கலந்த மதுசாரத்தில் தோய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அது வெள்ளையாகத் தெரியும். அதனால் 'வெள்ளைப் படலம்' என்று பெயர். அதன் கீழே உருக்கு மெலிந்திருக்கும். மேற்பரப்பு உள்ளுக்குள் இழுபட்ட நிலையிலும் இருக்கும். பெயரிங் கோடிக்கணக்கான தடவை சுழலும்போது இப்படியான இடத்தில் வெடிப்புத் தோன்றி, செதில் செதிலாகப் பெயர்ந்துவிடலாம். அது ஒரு வாகனத்தின் சில்லில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

ஒரு முனைக்கு இத்தனை வளையம் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வளையத்தின் வெளி விட்டம் மெல்ல மெல்லக் கூடி, அளவைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டி வந்தால் முனை தேய்கிறது. ஓரத்தில் பிசிறு கூடினாலும் சத்தம் மாறினாலும் நிறுத்திப் பாருங்கள். முனை உடைந்துவிட்டால், கடைசியாகப் பார்த்த நேரம் முதல் செய்த வளையங்களை ஒதுக்கிவைத்து உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். புதிதாக வந்தவர், சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் பெட்டியில் கலந்துபோன பழுதான வளையத்தைப் பிறகு யாராலும் கண்ணால் பிரித்தெடுக்க முடியாது. 'வெர்ஷ்லைஸ்' என்றால் தேய்மானம், 'ஓபர்ஃப்ளேஹ' என்றால் மேற்பரப்பு. இந்த இரண்டு சொற்களும் தெரிந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம். இந்தத் தொழிலுக்கான பயிற்சி இங்கு மூன்றரை வருடம். பயிற்சி பெறாமலே வேலை செய்து வருபவர், பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது ஐந்தேகால் வருடம், இதே தொழிலைச் செய்ததைக் காட்டினால் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற அனுமதி கேட்கலாம். உங்கள் பகுதியின் கைத்தொழில், வர்த்தக சம்மேளனத்தில் விசாரியுங்கள். வேலைச் சான்றிதழ்களை இன்றே ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். பொத்தானை அழுத்துபவராக வந்தவர், தொழில் தெரிந்தவராக மதிக்கப்படுவதற்கு அதுவே வழி.