ஆண்டுகளைத் தாண்டும் சொல்

ஆங்கில வழியில் படிப்பவர்கள் புவியியல் பாடத்தில் 'பெரென்னியல் ரிவர்' என்று படித்திருப்பீர்கள். தமிழ்ப் புத்தகத்தில் அதுவே 'வற்றாத ஆறு'. 'ஜீவநதி' என்றும் சொல்வார்கள். இந்தப் 'பெரென்னியல்' என்ற சொல்லுக்கு 'நிரந்தரமான' என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி.

லத்தீன் மொழியில் 'பெர்' என்றால் ஊடாக. 'அன்னுஸ்' என்றால் ஆண்டு. ஆண்டுகளின் ஊடாகத் தொடர்ந்து வருவதுதான் பெரென்னியல். பள்ளி ஆண்டு விழாவை 'ஆனுவல் டே' என்கிறோமே, அந்த 'ஆனுவல்' இதற்கு உடன்பிறப்பு. ஆயிரம் ஆண்டைக் குறிக்கும் 'மில்லெனியம்' இன்னொன்று. மூன்றிலும் 'என்' எழுத்து இரண்டு முறை வரும். ஒன்றை விட்டுவிட்டால் ஆசிரியரின் சிவப்பு மைக்கு வேலை வந்துவிடும்!

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கங்கைக்குக் கோடையில் இமயமலைப் பனி உருகி நீர் தருகிறது. அதனால்தான் இவற்றை ஜீவநதிகள் என்கிறார்கள். கோடையில் மணலாகக் கிடக்கும் வைகைக்கு அந்தப் பெயர் கிடையாது.

செடிகளிடம் வந்தால் இந்தச் சொல் இன்னும் சுவையானது. நெல்லும் சூரியகாந்தியும் 'ஆனுவல்'. விதைத்து, விளைந்து, ஓராண்டுக்குள் ஆயுள் முடிந்துவிடும். கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் 'பையென்னியல்'. இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். அதற்குள் நாம் பறித்துச் சமைத்துவிடுவதால் அவற்றின் பூவை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்பவை பெரென்னியல். மா, தென்னை என்று உடனே சொல்வீர்கள். வாழை? ஒரு தடவை குலை தள்ளியதும் அந்த மரத்தின் கதை முடிந்துவிடுகிறதே! ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கிறது, பக்கத்தில் கன்று விடுகிறது. 'வாழையடி வாழையாக' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆகவே வாழையும் பெரென்னியல். பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரைப்புல்லும் அப்படித்தான். விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்!

கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, மறுபடி தலைகாட்டுவதும் பெரென்னியல் ஆகலாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் தண்ணீர் தேங்குகிறதா? அது 'பெரென்னியல் பிராப்ளம்'. மாறாமல் அப்படியே இருப்பதற்குப் 'பெர்மனென்ட்' என்ற சொல் தனியாக இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரியைப் 'பெர்மனென்ட் அட்ரஸ்' என்றுதான் கேட்பார்கள். 'பெரென்னியல் அட்ரஸ்' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

இனி உங்கள் முறை. செம்பருத்தி, காசித்தும்பை, கறிவேப்பிலை, மஞ்சள் இந்த நான்கில் ஒன்று மட்டும் ஆனுவல். எது என்று தோட்டத்தில் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சளைச் சொல்லும் முன் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள்!