கண்ணுக்குக் கீழே சுருக்கம்: கிளினிக் சொல்ற விலை ஒண்ணு, உங்க கையை விட்டுப் போறது ஒண்ணு



பழைய வரி முறையா, புது வரி முறையான்னு போன அக்டோபர்ல ஒரு வீடியோ போட்டேன். பதினாலு நிமிஷம், ஸ்லாப் ஸ்லாபா உடைச்சுச் சொன்னேன். அதுல அதிக லைக் வாங்கின கமெண்ட் எது தெரியுமா? "மேடம், நீங்க தூங்கவே மாட்டீங்களா? கண்ணுக்குக் கீழ பாருங்க."

செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு முடிஞ்ச கையோட எடுத்த வீடியோ அது. வயசும் 37 ஆச்சு. அன்னிக்கு ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். சிரிச்சாலும் கோடு, சிரிக்காட்டியும் கோடு. மயிலாப்பூர்ல இருக்குற அம்மாகிட்ட போன்ல புலம்பினா, "அது உன் பாட்டி கொடுத்த சொத்துடி, பத்திரமா வெச்சுக்கோ"ன்னு சிரிக்கிறாங்க.

அடுத்த சனிக்கிழமை தி.நகர்ல ஒரு கிளினிக்குக்குப் போனேன். இருபதே நிமிஷத்துல கொட்டேஷன் கையில: 60,000 ரூபாய் பேக்கேஜ், மாசம் 5,000, நோ காஸ்ட் இஎம்ஐ. கூடவே கவுன்டர்ல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே மூணு விஷயம் சொன்னார்.

"ஜிஎஸ்டி எல்லாம் பில் போடும்போது பார்த்துக்கலாம் மேடம்."

"இன்ஷூரன்ஸ் இருக்குல்ல? அடிபட்டதுன்னு எழுதிக்கலாம்."

"யூடியூப் சேனல் இருக்கே, அந்தச் செலவுல காமிச்சுடுங்க."

ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்கிட்டயே இதைச் சொல்றாங்கன்னா, முதல் வேலையில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன உங்ககிட்ட என்னென்ன சொல்வாங்க! அதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. எந்தச் சிகிச்சை உங்களுக்குச் சரின்னு டாக்டர்தான் சொல்லணும். பணக் கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டறேன்.

முதல்ல, உங்க பிரச்சனை எது?

"கண்ணுக்குக் கீழ சுருக்கம்"னு நாம ஒரே பேர்ல சொல்றது நாலு வேற வேற விஷயம். மருந்து மாறினா பணம் வேஸ்ட்.

1. சிரிக்கும்போது கண் ஓரத்துல விரியுற கோடு. இது தசை சுருங்குறதால வர்றது. இதுக்குத்தான் போடாக்ஸ் ஊசி. இந்த மருந்து முதல்ல வந்தது அழகுக்காக இல்லை. மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடில்லாம கண் இமை மூடிக்கிற நோய்க்கும்தான் அமெரிக்காவின் எஃப்டிஏ 1989-ல அனுமதி கொடுத்தது. கண் ஓரக் கோடுகளுக்கு அனுமதி கிடைச்சது 2013-ல. பலன் சுமார் 3 முதல் 4 மாசம். அப்புறம் மறுபடி போடணும். கண்ணுக்கு நேர் கீழே அதிகமாப் போட்டா, இமையைத் தாங்குற தசையே தளர்ந்து பை இன்னும் பெருசாத் தெரியலாம்.

2. கசங்கின காகிதம் மாதிரி மெல்லிய தோல். இதுக்கு ரெட்டினால் கிரீம், பீல், மைக்ரோநீட்லிங், லேசர். நம்ம ஊர் நிறத்துக்கு ஒரு எச்சரிக்கை: லேசரோட அளவு தப்பினா, சுருக்கம் போய் கருப்புத் திட்டு வந்து உட்கார்ந்துக்கும். கர்ப்பமா இருக்குறவங்களும், குழந்தைக்குத் திட்டமிடறவங்களும் ரெட்டினால் பக்கம் போகக் கூடாது.

3. பள்ளம். இதுக்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர். சில மாசத்துலேர்ந்து ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும் நிக்கும். அபூர்வமா ரத்தக்குழாய் அடைச்சு பார்வையே போகலாம். அப்படி ஏதாவது ஆனா ஃபில்லரைக் கரைக்கிற ஹையலூரானிடேஸ் மருந்து அந்த இடத்துல தயாரா இருக்கான்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்குத் திருதிருன்னு முழிச்சா எழுந்து வந்துடுங்க.

4. பை. கண்ணுக்குக் கீழ இருக்குற கொழுப்பு முன்னாடி பிதுங்கறது. இதுக்கு கிரீம் பெருசா உதவாது. பிளெஃபரோபிளாஸ்டிங்கிற ஆபரேஷன்ல கொழுப்பை எடுப்பாங்க, இல்லைன்னா இடம் மாத்தி வைப்பாங்க. பலன் பல வருஷம் இருக்கும். ஆனா வீக்கமும் கன்னிப்போன நிறமும் வடிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். கீழிமை வெளிப்பக்கமா இழுத்துக்கறது, அபூர்வமா கண்ணுக்குப் பின்னாடி ரத்தக்கசிவு, இதெல்லாம் இதுல இருக்குற ஆபத்து. சிரிக்கும்போது வர்ற கோடு இதனால போகாது.

கருவளையம் இந்த லிஸ்ட்லயே இல்லை, கவனிச்சீங்களா? அது நிறப் பிரச்சனை. பரம்பரை, அலர்ஜி, கண்ணைத் தேய்க்கிற பழக்கம்னு அதுக்குக் காரணம் வேற.

"ஜிஎஸ்டி அப்புறம் பார்த்துக்கலாம்"

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்தப் பழக்கத்துல இதையும் நினைச்சுக்கறோம். ஆனா 2017-ல வந்த விலக்கு அறிவிப்பு, முடி நடுறதையும் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரியையும் விலக்குலேர்ந்து வெளியே வெச்சிருக்கு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் இதனால பாதிச்ச உறுப்பைச் சரிபண்ணினா மட்டும் விலக்கு. அழகுக்காகப் பண்றதுக்கு வரி உண்டு; 18%னு வெச்சுக்கிட்டுக் கணக்குப் போடுவோம்.

60,000-க்கு 10,800. மொத்தம் 70,800. கொட்டேஷன்ல "வரி உட்பட"ன்னு எழுதி வாங்குங்க. "பில் வேண்டாம்னா வரி இல்லை"ன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க. நாளைக்கு ஏதாவது ஆனா, அங்க சிகிச்சை எடுத்தீங்கங்கிறதுக்கே உங்க கையில ஆதாரம் இருக்காது.

"அடிபட்டதுன்னு எழுதிக்கலாம்"

எனக்குக் கோபம் வந்தது இதுக்குத்தான். ஹெல்த் பாலிசிகளில் எதுக்கெல்லாம் பணம் கிடைக்காதுங்கிற வாசகங்களை ஐஆர்டிஏஐ 2019-ல ஒரே மாதிரி ஆக்கிடுச்சு. உங்க பாலிசியில "எக்ஸ்க்ளூஷன் 08"னு தேடிப் பாருங்க. தோற்றத்தை மாத்துற சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் பண்ற சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தைத் தடுக்க அவசியம்னு டாக்டர் சான்று கொடுக்கிறதுக்கும் மட்டும்தான் உண்டு.

இல்லாத விபத்தை எழுதினா அது மோசடி. அஞ்சு வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டிட்டா பழைய விஷயத்தைக் கிளறி கிளெய்மை மறுக்க முடியாதுன்னு ஒரு பாதுகாப்பு இருக்கு. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆபீஸ் குரூப் பாலிசின்னா விஷயம் ஹெச்ஆர் வரைக்கும் போகும். என் பாலிசியில அம்மா, அப்பா ரெண்டு பேரும் இருக்காங்க. அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு. இந்த வயசுல அவருக்குப் புதுசா பாலிசி தேடி நான் எங்க போவேன்? 60,000 ரூபாய்க்காக நான் பணயம் வைக்க இருந்தது அதைத்தான்.

நிஜமாவே மருத்துவக் காரணம் இருந்தா கதை வேற. மேலிமை தொங்கி பார்வையை மறைக்குது, கீழிமை உள்ளேயோ வெளியேயோ திரும்பிக் கண்ணை உறுத்துதுன்னா முதல்ல கண் டாக்டரைப் பாருங்க. 1819-ல தொடங்கின எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம்ம ஊர்லயே இருக்கு. டாக்டர் சான்றும் பரிசோதனை ரிப்போர்ட்டும் வெச்சு, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல ஒப்புதல் வாங்குங்க.

"சேனல் செலவுல காமிச்சுடுங்க"

முடியாது. முழுக்க முழுக்கத் தொழிலுக்காக ஆன செலவுதான் தொழில் செலவு. என் முகம் கேமராவை ஆஃப் பண்ணினாலும் என்கூடத்தான் வருது! அது சொந்தச் செலவு.

சம்பளக்காரங்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. மெடிக்கல் பில் கொடுத்து 15,000 வரை வரி விலக்கு வாங்கின வசதி 2018-19 நிதியாண்டுலேர்ந்தே போயிடுச்சு. 80டி-ன்னு நாம சொல்ற கழிவு பழைய வரி முறையில மட்டும், அதுவும் முக்கியமா பிரீமியத்துக்கும் 5,000 வரையிலான முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கும்தான். ஆக, இந்தச் செலவு மொத்தமும் வரி கட்டின சம்பளத்துலேர்ந்து போற பணம்.

நோ காஸ்ட் இஎம்ஐ-யில காஸ்ட் எங்க?

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இப்பவே முழுசா கட்டினா எவ்வளவு?" பதில்: 54,000.

அப்போ சிகிச்சையோட நிஜ விலை 54,000. 12 மாசம் 5,000 கட்டினா 6,000 கூடப் போகுது. 11 சதவீதம்தானேன்னு தோணும். ஆனா மாசா மாசம் அசல் குறையுறதால, வருஷ வட்டியாப் பார்த்தா சுமார் 20%. கிட்டத்தட்ட பர்சனல் லோன் வட்டி. பிராசஸிங் ஃபீஸ் தனி.

2024 அக்டோபர் 1 முதல், புதுசா எடுக்குற தனிநபர் கடனுக்கு வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கொடுத்தே ஆகணும். அதுல எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டி விகிதம் இருக்கும். டேப்லெட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க. இன்னொண்ணு, கடன் கொடுக்குறது கிளினிக் இல்லை. பாதி சிட்டிங்ல கிளினிக் மூடினாலும் இஎம்ஐ போய்க்கிட்டேதான் இருக்கும். அதனால ஆறு சிட்டிங் பணத்தை மொத்தமாக் கட்டாம, ஒவ்வொண்ணாக் கட்டுங்க.

அஞ்சு வருஷக் கணக்கு

கீழே இருக்குற விலைகள் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க கொட்டேஷனைப் போட்டு மாத்திக்குங்க.

- போடாக்ஸ்: கண் ஓரக் கோடுகளுக்கு எஃப்டிஏ ஒப்புதல் அளவு ரெண்டு பக்கமும் சேர்த்து 24 யூனிட். யூனிட் 400 ரூபாய்னா 9,600. ஜிஎஸ்டி சேர்த்து 11,328. வருஷத்துக்கு மூணு தடவைன்னா 33,984. அஞ்சு வருஷத்துக்கு 1,69,920.
- ஃபில்லர்: 25,000, ஜிஎஸ்டி சேர்த்து 29,500. வருஷம் ஒரு தடவைன்னா அஞ்சு வருஷத்துக்கு 1,47,500.
- ஆபரேஷன்: 90,000, ஜிஎஸ்டி சேர்த்து 1,06,200. பத்து வருஷம் தாங்கினா வருஷத்துக்கு 10,620. லீவு இல்லாம சம்பளப் பிடித்தம்னா அதையும் கூட்டிக்கணும். மாசம் 60,000 சம்பளத்துக்கு ஒரு வாரம் 14,000.

ஆச்சரியமா இருக்கா? கொட்டேஷன்ல பெருசாத் தெரியுற ஆபரேஷன், வருஷக் கணக்குல சின்னதா இருக்கு. அதுக்காக ஆபரேஷனுக்குக் கிளம்பிடாதீங்க. 27 வயசுல பெரும்பாலும் எடுக்குறதுக்குப் பையே இருக்காது. நான் சொல்ல வர்றது இதுதான்: எந்தச் சிகிச்சையையும் ஒரு தடவை விலையில பார்க்காதீங்க, வருஷச் செலவாப் பாருங்க. ஜிம் மெம்பர்ஷிப் மாதிரி தொடர்ந்து போற செலவு இது.

போடாக்ஸ் கணக்கு மாசத்துக்கு 2,832 ரூபாய். அதையே எஸ்ஐபி-யில போட்டு 10% வளர்ந்தா (உத்தரவாதம் எதுவும் கிடையாது) அஞ்சு வருஷத்துல சுமார் 2.19 லட்சம்.

ஊசி யார் கையில?

பணத்தை விட முக்கியமானது இது. 2016-ல சென்னையில முடி நடுறதுக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் அதுக்கப்புறம் இறந்துபோனார். சிகிச்சை நடந்த இடம் சலூன்கிற பேர்ல நடந்துக்கிட்டிருந்ததுன்னு அப்போ செய்தி வந்தது. மருத்துவம் படிச்சவருக்கே அந்த நிலைமை. 2022-ல தேசிய மருத்துவ ஆணையமும் இந்த மாதிரி அழகியல் சிகிச்சைகளை முறையாப் பயிற்சி பெற்ற, பதிவு செஞ்ச டாக்டர்கள்தான் பண்ணணும்னு வழிகாட்டுதல் கொடுத்தது.

கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

- டாக்டர் பேரும் பதிவு எண்ணும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டுல இருக்கா? படிப்பு தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, கண் இதுல எது?
- கிளினிக்குக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கா?
- ஊசி போடப்போறது அந்த டாக்டரேவா?
- மருந்து பாட்டிலை உங்க முன்னாடி திறப்பாங்களா? பேர், பேட்ச் எண், எத்தனை யூனிட்னு பில்லுல வருமா?

காசு கொடுத்து எடுக்குற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சொல்லிடுச்சு. ஆனா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக பில் வேணும்.

நான் என்ன பண்ணினேன்?

கார்டை பர்ஸுக்குள்ளயே வெச்சுக்கிட்டு வெளியே வந்தேன். அடையாறுல ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி பவர் மாறியிருக்கு, இவ்வளவு நாளா கண்ணை இடுக்கி இடுக்கித்தான் எக்செல் ஷீட் பார்த்துக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சுது. புதுக் கண்ணாடியும் தினமும் சன்ஸ்கிரீனும் ஆரம்பிச்சாச்சு. கோடு போகலை, அங்கேயேதான் இருக்கு.

அதோட, மாசம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டிருக்கேன். ஒரு வருஷம் கழிச்சு, அடுத்த ஆடிட் சீசன் முடிஞ்சு, அப்பவும் வேணும்னு தோணினா தோல் டாக்டர்கிட்ட போவேன். கைக்காசுல, பில்லோட. அழகா இருக்கணும்னு நினைக்கிறதுல ஒரு தப்பும் இல்லை. உங்க சம்பளம், உங்க முகம். எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்கு, சொந்தமா ஹெல்த் பாலிசி இருக்கு, கிரெடிட் கார்டு பாக்கி இல்லைன்னா தாராளமாப் பண்ணுங்க. தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. அதனால இன்னும் பாலிசி எடுக்காதவங்க முதல்ல அதை முடிங்க.

உங்ககிட்ட கொட்டேஷன் இருந்தா, கிளினிக் பேரை மறைச்சுட்டு கமெண்ட்ல எண்ணை மட்டும் போடுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடலாம். அந்த வீடியோவுலயும் என் கண்ணுக்குக் கீழ கோடு இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்!