குற்றாலத்தில் மூலிகை மருந்து வாங்குறீங்களா? ‘சுகர் கியாரண்டியா போயிடும்’னு விளம்பரம் செய்தால் ஜெயில்!

தென்காசி:

குற்றாலம் சீசன் என்றால் அருவி, சாரல், மங்குஸ்தான் பழம் மட்டும் அல்ல. எண்ணெய் மசாஜ், மூலிகை பொடி, மூட்டுவலி தைலம் எல்லாம் சேர்ந்ததுதான் சீசன். குற்றாலநாதருக்கே தைல அபிஷேகம் நடக்கும் ஊர் இது. பொதிகை மலை மூலிகை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் யோசிக்காமல் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

இதில் நல்ல சரக்கும் உண்டு. வம்பும் உண்டு. "48 நாள் இந்த பொடியை சாப்பிடுங்க, சுகர் இருந்த இடம் தெரியாது. மாத்திரை, ஊசி எல்லாத்தையும் நிறுத்திடலாம்" என்ற பேச்சு சீசன் ஊர்களில் புதிது அல்ல. இதை நம்பி இன்சுலினை திடீரென நிறுத்தினால் சர்க்கரை எகிறி, ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, மயக்கம் வரை போகும். சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகி விடும்.

இந்த விஷயத்தில் கடந்த சில ஆண்டுகளில் சட்டம் பல முறை மாறி இருக்கிறது. எது நடைமுறையில் இருக்கிறது, எது போய்விட்டது என்பது மருந்து வாங்கும் பலருக்கும் தெரிவதில்லை.

அப்பா நம்பர் மகனுக்கு வராது

முதல் கேள்வி, வைத்தியம் பார்க்கிறவர் யார் என்பதுதான். "நாங்க ஏழு தலைமுறையா வைத்தியம் பார்க்கிறோம்" என்பது சட்டத்துக்கு போதாது. பதிவு இல்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய அனுமதி கேட்டு கேரளாவில் இருந்து போன வழக்கில், 2018-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு முடியாது என்று தீர்ப்பு சொல்லி விட்டது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும், பதிவு வேண்டும் என்பது அந்த தீர்ப்பின் சாரம். முன்பே முறைப்படி பதிவு பெற்ற பரம்பரை வைத்தியர்களின் உரிமைக்கு பாதிப்பு இல்லை. ஆனால் பதிவு என்பது ஆளுக்கு கொடுப்பது, குடும்பத்துக்கு கொடுப்பது அல்ல. அப்பாவின் நம்பரை போர்டில் எழுதி வைத்து மகன் நாடி பிடிக்க முடியாது.

அதன் பிறகு 1970-ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக, இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணைய சட்டம் 2020-ல் வந்தது. தகுதி இல்லாமல் சித்த, ஆயுர்வேத வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவ கல்லூரியில் நீட் எழுதி சேர்ந்து, பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படித்து வெளியே வருகிற டாக்டருக்கும், லாட்ஜில் ரூம் போட்டு நோட்டீஸ் கொடுக்கிறவருக்கும் வித்தியாசம் வேண்டும் அல்லவா?

கிளினிக்கும் பதிவு பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1997-லேயே வந்தது. விதிகள் வர 2018 வரை ஆனது தனிக்கதை. இங்கிலீஷ் மருத்துவம் என்றாலும் சித்தா என்றாலும் மருத்துவ பணிகள் இணை இயக்குனரிடம் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும்.

54 நோய்கள்

இரண்டாவது விளம்பரம். இங்கேதான் பெரிய குழப்பம்.

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு விளம்பரம் செய்யும் முன் மாநில லைசென்சு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதி 2018-ம் ஆண்டு டிசம்பரில் கொண்டு வரப்பட்டது. அதுதான் 170-வது விதி. மருந்து கம்பெனிகள் கோர்ட்டுக்கு போயின. 2023 ஆகஸ்டில் இந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்கு கடிதம் எழுதியது. 2024 ஜூலை 1-ந் தேதி விதியே நீக்கப்பட்டது.

அந்த நேரத்தில் பதஞ்சலி விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவ சங்கம் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்து கொண்டிருந்தது. நீக்கியது செல்லாமல் இருக்க 2024 ஆகஸ்டு 27-ந் தேதி கோர்ட்டு தடை போட்டது. ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டு 11-ந் தேதி அந்த வழக்கே முடித்து வைக்கப்பட்டது. தடையும் அதோடு போனது.

அப்படியானால் என்ன வேண்டுமானாலும் விளம்பரம் போடலாமா என்றால், அதுதான் இல்லை. முன்கூட்டி ஒப்புதல் வாங்கும் கதவு மட்டுமே எடுக்கப்பட்டது. 1954-ம் ஆண்டு மருந்து மற்றும் மாயத்தீர்வு விளம்பர தடை சட்டம் அப்படியே இருக்கிறது. அதன் பட்டியலில் 54 நோய்கள் உள்ளன. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய், பக்கவாதம், வலிப்பு, வாத நோய், சிறுநீரக கல், வெண்குஷ்டம், ஆண்மை குறைவு, உடல் பருமன் எல்லாம் உண்டு. உயரமாக வளர வைப்போம் என்பது கூட பட்டியலில் இருக்கிறது! இவற்றை குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. தாயத்து, மந்திரத்துக்கும் இந்த சட்டம் பொருந்தும். முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும், மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை ஜெயில்.

நோட்டீஸ், லேபிள், கவர் மட்டும் அல்ல, மைக்கில் வாயால் சொன்னாலும் விளம்பரம்தான். ஒளி, ஒலி, புகை மூலம் செய்தாலும் விளம்பரமே என்று 1954-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நேரம் பதிவு பெற்ற டாக்டர் தன் கிளினிக் வாசலில் ‘இந்த நோய்க்கு சிகிச்சை உண்டு’ என்று போர்டு வைக்க சட்டம் இடம் கொடுக்கிறது.

லேபிள் இருக்கா?

மூன்றாவது மருந்து. நாட்டு மருந்து விற்க மெடிக்கல் ஷாப் போல விற்பனை லைசென்சு தேவை இல்லை. ஆனால் தயாரிக்க லைசென்சு கட்டாயம். சுக்கு, கடுக்காயை நிறுத்து கொடுப்பது வேறு. காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, மருந்து என்று விற்பது வேறு. பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்சு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். பாதரசம், பாஷாணம் போன்ற நச்சு சரக்கு சேர்ந்த மருந்து என்றால், டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிக்கு தானே செய்து கொடுக்கும் மருந்துக்கு மட்டும் லைசென்சில் இருந்து விலக்கு உண்டு. ரோட்டோரம் போகிற வருகிற எல்லோருக்கும் விற்றால் அந்த விலக்கு செல்லாது.

ஒரே நாளில் மூட்டுவலியை பறக்க வைக்கும் பொடி என்றால் கூடுதல் உஷார் தேவை. ஸ்டீராய்டு மாத்திரையை பொடித்து கலப்பது நாடு முழுக்க உள்ள பழைய புகார். வலி போகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சுகரும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும்.

சந்தேகம் வந்தால் சித்தா பிரிவு மருந்து ஆய்வாளர், மாவட்ட சித்த மருத்துவ அலுவலர், இணை இயக்குனர் அலுவலகம் ஆகியவற்றில் புகார் செய்யலாம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகு நெல்லைக்கு அலைய வேண்டியது இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். வெளியூர்க்காரர்கள் 104-க்கு போன் போட்டு கேட்கலாம். புகார் செய்ய நினைப்பவர்கள் பில், நோட்டீஸ், மீதி மருந்தோடு பாட்டில் ஆகியவற்றை தூக்கி எறிந்து விடக்கூடாது. மருந்தை பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் அவைதான் ஆதாரம்.