ஷூவும் தலைக்கட்டும்

உங்கள் பிள்ளை ஆங்கிலப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "தகப்பனாரின் ஷூவுக்குள் காலை வைத்தான் என்றால் என்னம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? செருப்பு அலமாரியைத் தேடாதீர்கள்! தகப்பனார் வகித்த பொறுப்பை அவருக்குப் பதிலாக மகன் ஏற்றான் என்பதே அர்த்தம். 'இன்ஸ்டெட் ஆஃப்' என்பதும் பதில்தான். வீட்டுப் பேச்சுக்கு ஏற்றது. 'இன் லியூ ஆஃப்' கச்சேரிக் காகிதத்துக்கு உரியது. காப்பிக்குப் பதில் டீ கேட்க அது வேண்டாம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் போய் இந்த ஷூக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். சேற்றில் நின்று வலை கட்டுகிறவருக்கு ஷூ ஏது? அங்கே தலைதான் கணக்கு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒருவருக்குக் கிடைத்த நல்ல இடம், முறை மாறும்போது இன்னொருவருக்குப் போகும். இந்த முறையில் சேர, ஊர்க் கணக்கில் 'தலைக்கட்டு' ஆக வேண்டும். தலைப்பாகைக்கும் குடும்பத்துக்கும் பொதுவான சொல் அது! உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது.

மகளுக்கு? அதுதான் இல்லை. மீன் கூடையைச் சுமந்து சந்தைக்குப் போவது பெண்ணின் தலை. பாட்டுக் கணக்கில் மட்டும் அந்தத் தலை சேருவதில்லை.