ஹஸ்கி வளர்க்க ஆசையா? கொஞ்சம் யோசியுங்கள்!

நீலக் கண், நிமிர்ந்த காது, மெத்தை போன்ற ரோமம்... சைபீரியன் ஹஸ்கி நாயைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கவுஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் எங்கள் மணியைப் பார்த்த உடனேயே, "குட்டி கிடைக்குமா அக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே சற்று விவரமாக எழுதுகிறேன். ஆசைப்பட்டு வாங்குவது வீட்டுக்காரராக இருக்கலாம், பிள்ளைகளாக இருக்கலாம். அவர்கள் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போன பிறகு அதோடு நாள் முழுக்க மல்லுக்கட்டப் போவது நாம்தானே!

மணி எங்களிடம் வந்து நாலு வருஷமாகிறது. அதற்கு முன் அவன் மதுரையில் என் நாத்தனார் மகன் வீட்டில் வளர்ந்தான். ஒரு சித்திரை மாதம், கரண்ட் போன மத்தியானத்தில், மூச்சு இரைத்து, எச்சில் நூல் நூலாக ஒழுகி, நிற்க முடியாமல் தள்ளாடி விழுந்துவிட்டானாம். தண்ணீரை ஊற்றித் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். "இன்னொரு கோடையை இது தாங்காது, மலைப்பக்கம் யாராவது இருந்தா கொடுத்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மன்னவனூரைத் தாண்டியுள்ள எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அதனால் எங்களிடம் வந்து சேர்ந்தான்.

ஓடவே பிறந்த நாய்

சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம் இது. பாரம் குறைவு, தூரம் அதிகம் என்பதுதான் அதன் வேலை. 1925-ல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. (இன்று நம் குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலிருந்தே தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான்.) கடல் உறைந்து கப்பல் வர வழியில்லை. சுமார் 1,085 கிலோமீட்டர் பனிப்பாதையில், 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் மிக ஆபத்தான பகுதியைக் கடந்தது டோகோ என்ற ஹஸ்கி தலைமை தாங்கிய அணி. கடைசிக் கட்டத்தில் ஊருக்குள் மருந்தோடு நுழைந்தது பால்டோவின் அணி.

அப்படிப்பட்ட பரம்பரையை இரண்டு அறை பிளாட்டில் கட்டிப் போட்டால் சும்மா இருக்குமா? செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும், ஊளையிட்டு எதிர்வீட்டுக்காரர்களை வாசலுக்கு வரவழைக்கும். அதைக் 'கெட்ட நாய்' என்று திட்டிப் பிரயோஜனமில்லை. காலையிலும் மாலையிலுமாகக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது அதை நடத்தவும் ஓடவும் வைக்க வேண்டும்.

குளிர் இருந்தால் மட்டும் போதுமா?

"உங்க ஊர்தான் குளிராச்சே, உங்களுக்கென்ன கஷ்டம்?" என்பார்கள். ஹஸ்கிக்குத் துரத்தும் குணம் அதிகம். எங்களைச் சுற்றி ஆடும் கோழியும் உண்டு. பக்கத்து மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, முயல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது! மணியைக் கயிறு இல்லாமல் வெளியே விடுவதே இல்லை. ஆளுயர வேலியையும் இந்த இனம் தாண்டும். முடியாவிட்டால் அடியில் குழி தோண்டும். எங்கள் வேலியின் அடியில் கல்லைப் புதைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் சிறுத்தையும் காட்டுமாடும் நடமாடுவதால், பொழுது சாய்ந்தால் அவனுக்கு வீட்டுக்குள்தான் இடம்.

காவலுக்கு உதவும் என்றும் எண்ண வேண்டாம். திருடன் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும் ஜாதி இது. தனிமையும் இதற்கு ஆகாது.

ரோமப் பராமரிப்பு

ஹஸ்கிக்கு இரட்டை ரோமம். உள்ளே பஞ்சு மாதிரி அடர்த்தி, மேலே நீண்ட முடி. வருஷத்தில் இரண்டு முறை உள்ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். சமவெளி உஷ்ணத்தில் வருஷம் பூராவும் உதிர்வதுண்டு. வாரம் இரண்டு மூன்று முறையும், உதிரும் காலத்தில் தினமும், இரும்புப் பல் சீப்பால் வாரிவிட வேண்டும். வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்த நாயை வாங்கவே வேண்டாம்.

வெயிலுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று சிலர் மொட்டை அடித்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! அந்த ரோமம்தான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை.

பூண்டு ஜாக்கிரதை

எங்கள் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. எங்களுக்குச் சோறு போடுகிற அதே பூண்டு, எந்த இன நாய்க்குமே விஷம். வெங்காயமும் அப்படித்தான். பச்சையோ வெந்ததோ, ரத்தத்தின் சிவப்பணுக்களை அழித்துவிடும். ஒரு சில நாள் கழித்துத்தான் சோர்வும், ஈறு வெளுப்பும், சிறுநீர் கறுப்பதும் தெரியும். ஆகவே மிச்சமான சாம்பார் சாதம், ரசம் சாதம், பிரியாணி எதையும் நாய்த் தட்டில் கொட்டாதீர்கள். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவையும் விலக்கு. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, முட்டை, கொஞ்சம் சாதம், காரட் என்று தனியாகச் சமைப்பது நல்லது. அளவையும், கூடக் கொடுக்க வேண்டிய சத்துக்களையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகச் சத்துக் குறைவால் கண், வாய் ஓரங்களில் தோல் பொருக்குத் தட்டும் நோய் இந்த இனத்துக்கு வருவதுண்டு.

கைக்குழந்தை உள்ள வீட்டில்

ஹஸ்கி குழந்தைகளிடம் பிரியமாகத்தான் இருக்கும். ஆனால் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய், விளையாட்டாக மோதினாலே குழந்தை விழுந்துவிடும். இரண்டையும் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் மறு ஊசி, ஒழுங்காகப் பூச்சி மருந்து. எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டுவதெல்லாம் வேண்டாம்.

ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு

சமவெளியில் ஹஸ்கி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: காலை ஆறரைக்கு முன்பும் இருட்டிய பின்பும் மட்டுமே வெளியே அழைத்துப் போங்கள். தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நாய்க்கு மனிதர் மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி. 104-ஐத் தாண்டினால் ஆபத்து. மணிக்கு வந்ததுபோல் தள்ளாட்டம் வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

குட்டி கிடைக்குமா?

கிடைக்காது! மணிக்குக் கருத்தடை செய்தாகிவிட்டது. "நல்ல விலைக்குப் போகுமே, இப்படிப் பண்ணிட்டியே மதினி!" என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. அந்தக் குட்டிகள் இந்த மலையிலேயா இருக்கப் போகின்றன? மதுரைக்கும் திருச்சிக்கும்தானே போகும்!

2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று 11 வெளிநாட்டு இனங்களைக் குறிப்பிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றார்கள். ஹஸ்கியும் அதில் ஒன்று. நாய் வளர்ப்போர் ஆட்சேபித்ததால் அது மறுபரிசீலனைக்குப் போனது. சட்டம் எப்படி வந்தாலும் நம் ஊர் வெயில் மாறப்போவதில்லை.

நாய் வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்தால், நம் மண்ணின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இல்லையா? அவையும் ஓட இடம் கேட்பவைதான். ஆனால் நம் வெயிலில் பிறந்து வளர்ந்தவை. அவ்வளவு ஏன், தெருவில் நிற்கும் ஒரு குட்டிக்கு ஊசி போட்டு வீட்டில் சேர்த்துக்கொண்டால், அது காட்டும் நன்றிக்கு விலையே கிடையாது. நீலக் கண் இல்லாவிட்டால் என்ன, வாசலில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து வருமே, அது போதாதா?