எலுமிச்சைப் பண்ணையில் பிடில் சத்தம்

கலிஃபோர்னியாவில் சான்டா பார்பராவைத் தாண்டிக் கடலோரமாகக் கொஞ்ச தூரம் போனால் கோலெட்டா வரும். அங்கே லாஸ் கார்னெரோஸ் ஏரிக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே, 1870களில் கட்டிய மர வீடு ஒன்று இருக்கிறது. கூம்பிய கூரை, கூரை விளிம்பில் பூவேலை பின்னியதுபோல் இழைத்த மரச்சட்டங்கள், அகலமான தாழ்வாரம். ஸ்டோ ஹவுஸ் என்பது பெயர். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுத் தோட்டம் பிடில்காரர்கள் கைக்குப் போய்விடும்.

வீட்டின் கதை வசதியான ஓர் அப்பாவிடம் தொடங்குகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வக்கீலும் அரசியல்வாதியுமான வில்லியம் ஸ்டோ, 1871-ல் இங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி மகன் ஷெர்மனிடம் ஒப்படைத்தார். மகன் மண்ணை மதித்தவர். கலிஃபோர்னியாவில் விற்பனைக்கென்றே எலுமிச்சை போட்ட முதல் தோட்டங்களில் இவருடையதும் ஒன்று. அந்தக் காலத்து எலுமிச்சைத் தோட்டங்களில் பறிக்கிறவர் கையில் ஒரு வளையம் இருக்கும். பழம் வளையத்துக்குள் நுழைந்தால் மரத்திலேயே விட்டுவிட வேண்டும். நுழையாவிட்டால் பச்சையாக இருந்தாலும் பறித்துவிட வேண்டும். நிறம் அதற்குப் பிறகு கிடங்கில் வரும்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1855-ல் கலிஃபோர்னியா சட்டமன்ற சபாநாயகராக இருந்தபோது அவர் யூதர்களைப் பழித்துப் பேசினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் அவர் பெயர் தாங்கியிருந்த ஏரிக்கு 2024-ல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கோலெட்டா வீட்டில் குடும்பப் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. மகன் கட்டி வாழ்ந்த வீடு என்பதால் விட்டார்கள் போலும்.

மூன்று தலைமுறை வாழ்ந்த பிறகு 1967-ல் வீடு சான்டா பார்பரா கவுன்ட்டி நிர்வாகத்தின் கைக்கு வந்தது. உள்ளூர் வரலாற்றுச் சங்கம் அதை அருங்காட்சியகமாக்கியது. பழைய கட்டில், பழைய அடுப்பு, கயிறு கட்டித் தடுத்த அறைகள். இவ்வளவோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத எனக்குத் தோன்றியிருக்காது.

சான்டா பார்பராப் பக்கத்து இசைக்கலைஞர் பீட்டர் ஃபெல்ட்மன் 1970களின் தொடக்கத்தில் ஒரு பிடில் போட்டியை ஆரம்பித்தார். பின்னாளில் கோலெட்டா ரோட்டரி சங்கம் அதை எடுத்து நடத்தியது. அக்டோபர் ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் தோட்டத்தில் நடக்கும் விழா அதுதான். மேடை உண்டு, நடுவர்கள் உண்டு, கற்றுக்குட்டிகளுக்கும் கைதேர்ந்தவர்களுக்கும் தனித்தனிப் பிரிவும் உண்டு. ஆனால் விழாவின் உயிர் மேடையில் இல்லை என்பது என் கட்சி. மரத்தடிக்கு மரத்தடி ஐந்தாறு பேர் நாற்காலியைப் போட்டு வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதுதான் அசல் கச்சேரி. பிடில், பாஞ்சோ, கிட்டார், இடம் கிடைத்தால் ஆளுயர பேஸ். முன்பின் தெரியாதவர்கூடப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

இந்தச் சங்கீதத்துக்கு ‘ஓல்ட்-டைம்’ என்று பெயர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகள் பிடிலோடு மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் கைப்பழக்கம் அது. இரண்டும் சேர்ந்தது அமெரிக்கத் தெற்கில், பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் நடனக் கூடத்திலும். தனி ஆவர்த்தனம் என்ற பேச்சே இதில் அரிது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பெரும்பாலும் மெட்டில் இரண்டே பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். பத்துச் சுற்று, பதினைந்து சுற்று என்று போகும். எப்போது முடிப்பது? மெட்டை எடுத்துக்கொடுத்தவர் காலைத் தூக்குவார். கை இரண்டும் வேலையாக இருக்கிறதே! கால் உயர்ந்தால் அது கடைசிச் சுற்று.

பாஞ்சோக்காரரின் வலது கையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தந்தியை மேல்நோக்கி மீட்டுவதில்லை. விரல்களை மடக்கி, நகத்தின் முதுகால் கீழ்நோக்கித் தட்டுகிறார். அடுத்த நொடியில் கட்டைவிரல் ஐந்தாவது குட்டைத் தந்தியை இழுத்து விடுகிறது. சுருதி மாற்றினால் பாஞ்சோவை மறுபடி கூட்ட வேண்டும். அதனால் ஒரு வட்டம் ஒரு சுருதியில் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. பிடில்காரர்களுக்குள் வேறொரு பழக்கம்: பிடிலுக்குள் கிலுகிலுப்பை விரியனின் வால்மணியைப் போட்டு வைப்பது. நாதம் கூடும் என்பார்கள் சிலர், சிலந்தி அண்டாது என்பார்கள் சிலர்.

இப்படி வாசிக்க அரங்கம் தோதுப்படாது. வரிசை நாற்காலி போட்டால் கேட்பவர், வாசிப்பவர் என்று இரண்டு சாதியாகிவிடும். பண்ணை வீட்டில் நிழல் பத்து இடத்தில் இருக்கிறது. ஒரு வட்டத்தின் சத்தம் அடுத்த வட்டத்தைக் கெடுக்காத தூரமும் இருக்கிறது.

இங்கிருந்து தென்கிழக்கே, அகோரா ஹில்ஸ் பக்கம் பாரமவுண்ட் பண்ணை இருக்கிறது. 1961-ல் தொடங்கிய டோபாங்கா பாஞ்சோ பிடில் போட்டி பல வருடங்கள் அங்கேதான் நடந்தது. சினிமாவுக்காகப் போட்ட கௌபாய் ஊர் ஒன்று அங்கே இருந்தது. 2018 நவம்பரில் வூல்சி காட்டுத்தீ மாதா கோயிலையும் ரயில் நிலையத்தையும் விட்டுவிட்டு மற்ற கட்டடங்களை எரித்தது. அதே ஆண்டு ஜூலையில் கோலெட்டா மலையடிவாரத்திலும் தீ பிடித்து வீடுகள் சாம்பலாயின. ஸ்டோ ஹவுஸ் தப்பியது.

அருங்காட்சியகத்துக்கு வருமானம் வேண்டுமே, மற்ற நாட்களில் தோட்டத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பிடில்காரர்களுக்கு அந்த ஒரு ஞாயிறு போதாது என்று யாராவது சொன்னால் நான் ஆமோதிப்பேன்.